அளவுகோலையே சந்தேகித்தவர்: அல்பிரட் பினே

ஐ.கியூ. என்ற சொல்லைக் கேள்விப்படாத மாணவி இன்று நம் மத்தியில் அரிது. கைத்தொலைபேசியில் சில கேள்விகளுக்கு விடையளித்துவிட்டு, தனக்கு 130 வந்ததென்று பூரித்துப் போகிறவர்கள் உண்டு. 90 வந்ததென்று முகம் வாடுகிறவர்களும் உண்டு. நுண்மதி ஈவு என்று தமிழில் சொல்லப்படும் அந்த எண்ணின் வரலாற்றைத் தேடிச் சென்றால் முதலில் எதிர்ப்படும் பெயர் அல்பிரட் பினே. உலகின் முதலாவது நடைமுறை நுண்மதிச் சோதனையை அமைத்தவர் அவர்தான். ஆனால், அந்த எண்ணை அவர் உருவாக்கவில்லை. ஒரு பிள்ளையின் அறிவை ஒற்றை எண்ணுக்குள் அடைப்பதை அவர் விரும்பவும் இல்லை. சோதனையைச் செய்தவரே அதன் விடைக்கு ஏன் அஞ்சினார்? அதற்கான பதில் அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது.

பினே 1857ஆம் ஆண்டு ஜூலை மாதம் நீஸ் நகரில் பிறந்தார். இன்று பிரான்ஸின் தென்கரையில் உள்ள அந்நகரம் அப்போது சார்டினிய இராச்சியத்துக்குச் சொந்தமாக இருந்தது. மூன்று ஆண்டுகளின் பின்னரே அது பிரான்ஸுடன் இணைந்தது. தந்தை ஒரு வைத்தியர், தாய் ஓவியம் வரைபவர். பெற்றோர் பிரிந்துவிட்டதால் தாயின் பராமரிப்பிலேயே அவர் வளர்ந்தார். பின்னர் தாயும் மகனும் பரிஸ் நகருக்கு வந்தனர். அங்கு புகழ்பெற்ற லூயி லெ கிராண்ட் பாடசாலையில் கற்று, 1878இல் சட்டத்தில் பட்டம் பெற்றார். ஆயினும் சட்டத்தரணியாகத் தொழில் செய்யவில்லை. மருத்துவம் கற்கத் தொடங்கி அதையும் இடையில் கைவிட்டார். இறுதியில் தேசிய நூலகத்தில் அமர்ந்து உளவியல் நூல்களைத் தானாகவே வாசிக்கத் தொடங்கினார். அவருக்கு உளவியலில் ஆசிரியர் என்று எவரும் இருக்கவில்லை. அவருடைய முதற் பிழைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று எனலாம். தான் செய்வது சரியா என்று கேட்டுத் திருத்திக்கொள்ள அருகில் ஒருவரும் இல்லை.

1883ஆம் ஆண்டளவில் பரிஸிலிருந்த சல்பெத்ரியே வைத்தியசாலையில் அவருக்கு இடம் கிடைத்தது. நரம்பியல் துறையில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்த ஷார்கோ அங்கே அறிதுயில் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். பினேயும் ஃபெரே என்ற இளம் வைத்தியரும் சேர்ந்து வியப்பான ஒரு கண்டுபிடிப்பை அறிவித்தனர். அறிதுயிலில் ஆழ்த்தப்பட்ட நோயாளியின் உடலருகே ஒரு காந்தத்தைக் கொண்டுசென்றால், உடலின் ஒரு பக்கத்தில் இருந்த உணர்ச்சியின்மையோ அசைவோ மறுபக்கத்துக்கு மாறுகிறது என்றார்கள். காந்தத்தால் மனநிலையையே எதிர்மாறாக ஆக்கலாம் என்றும் எழுதினார்கள்.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பேராசிரியர் டெல்பெஃப் இதை நம்ப முடியாமல் நேரில் பார்க்க வந்தார். அங்கே அவர் கண்டது என்ன? பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நோயாளிகள் மட்டுமே. அவர்களும் பல முறை இதே பரிசோதனைக்கு உள்ளாகிப் பழகியவர்கள். காந்தம் அவர்களின் கண்முன்னே வைக்கப்பட்டது. அடுத்து என்ன நடக்கவேண்டும் என்பதை ஆய்வாளர்கள் அவர்களின் காதுபடவே பேசிக்கொண்டனர். டெல்பெஃப் ஊர் திரும்பி, நோயாளிக்கு எதுவும் தெரியாதபடி பரிசோதனையைச் செய்து பார்த்தார். காந்தத்தின் அதிசயம் காணாமற் போயிற்று. நோயாளிகள் பதில் கொடுத்தது காந்தத்துக்கு அல்ல, ஆய்வாளரின் எதிர்பார்ப்புக்கே.

ஆய்வு முறை பற்றிக் கற்கும் எவரும் இந்தச் சம்பவத்திலேயே பாதிப் பாடத்தைப் படித்துவிடலாம். மாதிரி மிகச் சிறியது. மாதிரியில் உள்ளவர்களுக்கு எதிர்பார்க்கப்படும் விடை தெரிந்திருந்தது. வேறொருவர் வேறோர் இடத்தில் மீண்டும் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. பினே முதலில் கோபத்துடன் மறுத்து எழுதினார். ஆனால் சில ஆண்டுகளில், தன் பிழையைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார். 1890இல் சல்பெத்ரியேயை விட்டு வெளியேறினார். அச்சில் வெளியான தன் பெருமையைத் தானே அழித்துக்கொள்வது எந்த ஆய்வாளருக்கும் எளிதல்ல. பினே அதைச் செய்தார் என்பதாலேயே பின்னர் அவர் எழுதியவை நம்பத் தகுந்தவை ஆயின.

வைத்தியசாலையை விட்டவருக்கு வீடே ஆய்வுகூடமாயிற்று. அவருக்கு மாட்லேன், அலிஸ் என இரு பெண்பிள்ளைகள் இருந்தனர். நடை பழகும்போதே இருவருக்கும் இடையிலிருந்த வேறுபாட்டை அவர் கவனித்துக் குறித்து வைத்தார். மூத்தவள் அடுத்துப் பிடிப்பதற்கு ஒரு பொருளைக் கண்ட பின்னரே பிடியை விட்டு நகர்வாள். இளையவளோ சிரித்துக்கொண்டே வெறுமையான அறையின் நடுவுக்குத் தள்ளாடிப் போய்விடுவாள். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஆனாலும் இரண்டு விதமான மனம். கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னால் சின்னஞ்சிறு பிள்ளையும் வளர்ந்தவரைப் போலவே நுட்பமாக ஒப்பிட்டது. ஆனால் ஒரு பொருள் என்னவென்று விளக்கச் சொன்னபோது வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. பிள்ளை அப்பொருளின் பயனை மட்டுமே சொன்னது. ஆகவே, பிள்ளையையும் வளர்ந்தவரையும் வேறுபடுத்துவது கண்ணின் கூர்மையோ கையின் வேகமோ அல்ல, சிந்திக்கும் விதமே என்று பினே உணர்ந்தார்.

அக்காலத்தில் பலர் இதற்கு நேர்மாறாக எண்ணினர். 1884இல் இலண்டன் சுகாதாரக் கண்காட்சியில் பிரான்சிஸ் கோல்ற்றன் ஓர் அளவீட்டுக் கூடம் அமைத்து, பார்வை, செவிப்புலன், கைப்பிடியின் பலம் போன்றவற்றை ஆயிரக்கணக்கானோரிடம் அளந்தார். கூர்மையான புலன்களே கூர்மையான அறிவைத் தரும் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம் அமெரிக்காவுக்கும் சென்றது. ஆனால் 1901இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் விஸ்லர் என்ற ஆய்வு மாணவர் இத்தகைய அளவீடுகளையும் மாணவர்களின் பாடப் புள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டார். இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டுவது இணைபுக் குணகம். இங்கே அது ஏறக்குறைய பூச்சியமாக இருந்தது. அளந்தது துல்லியமாகவே அளக்கப்பட்டது. ஆனால் அளக்க நினைத்தது அதுவல்ல. ஓர் அளவுகோல் தான் அளப்பதாகச் சொல்வதையே உண்மையில் அளக்கிறதா என்ற கேள்வியைத்தான் இன்று நாம் ஏற்புடைமை என்கிறோம்.

பினே 1891இல் சொர்போன் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வுகூடத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதன் பணிப்பாளரானார். அப்பணிக்கு அவர் சம்பளம் பெறவில்லை. பேராசிரியர் பதவியும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அங்கிருந்தபோது அவரும் தலையின் அளவில் அறிவைத் தேடினார். ஆசிரியர்கள் கெட்டிக்காரர் என்றும் மந்தமானவர் என்றும் தெரிவு செய்த பிள்ளைகளின் தலைகளை அளந்தார். கிடைத்த வேறுபாடுகளோ மில்லிமீற்றர் கணக்கில்தான் இருந்தன. அப்போது பழைய காந்தத்தின் நினைவு அவரைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். இந்த மில்லிமீற்றர்கள் பிள்ளையின் தலையில் இருக்கின்றனவா, அல்லது அளக்கும் தன் கையில் இருக்கின்றனவா என்று தன்னையே கேட்டார். மீண்டும் அளந்து பார்த்தபோது, தன் எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி தன் அளவுகள் அறியாமலே சாய்ந்திருப்பதைக் கண்டார். அதையும் மறைக்காமல் எழுதினார். தலையை அளந்து அறிவை அறியும் முயற்சியைக் கைவிட்டார்.

இதே காலத்தில், 1900இல், கருத்தேற்றம் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அதில் ஓர் எளிய பரிசோதனை உண்டு. பிள்ளைகளுக்குக் கோடுகள் ஒவ்வொன்றாகக் காட்டப்படுகின்றன. முதல் சில கோடுகள் படிப்படியாக நீளமாகின்றன. அதன் பின் வருபவை எல்லாம் ஒரே நீளம். ஆனாலும் பல பிள்ளைகள் கோடு இன்னும் நீண்டுகொண்டே போவதாகக் கருதி வரைந்தார்கள். எதிர்பார்ப்பு கண்ணையும் ஏமாற்றும் என்பதைத் தன் அனுபவத்தில் அறிந்த பினே, அதையே ஆராயும் பொருளாக்கிக்கொண்டார்.

பிரான்ஸில் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆரம்பக் கல்வி கட்டாயமாகியிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் வகுப்புக்கு வந்தபோது, பாடத்தைத் தொடர முடியாத பிள்ளைகளும் வந்தனர். அவர்களை என்ன செய்வது? 1904இல் கல்வி அமைச்சர் நியமித்த ஆணைக்குழுவில் பினேயும் ஓர் உறுப்பினர். விசேட வகுப்பு தேவைப்படும் பிள்ளையை எப்படி இனங்காண்பது என்பதே கேள்வி. ஆசிரியர் சொன்னால் போதுமா? குழப்படி செய்கிற பிள்ளையை வகுப்பிலிருந்து அகற்ற ஓர் ஆசிரியர் விரும்பலாம். வைத்தியர் சொன்னால் போதுமா? ஒரே பிள்ளைக்குச் சில நாள் இடைவெளியில் வெவ்வேறு வைத்தியர்கள் வெவ்வேறு நிலையைக் குறிப்பிட்டிருப்பதைப் பினே சான்றிதழ்களை ஒப்பிட்டுக் காட்டினார். ஒரு துணியை மூன்று கடைக்காரர் அளந்து மூன்று நீளம் சொன்னால் பிழை துணியில் இல்லை. இப்படி ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறாத தன்மையைத்தான் நம்பகத்தன்மை என்கிறோம். அது இல்லாத தீர்ப்பு ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மாற்றிவிடும் என்பதே பினேயின் கவலை.

இளம் வைத்தியர் தியோடோர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் அவர் வெளியிட்ட அளவுத்திட்டத்தில் 30 செயல்கள் இருந்தன. எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்வதில் தொடங்கி, படத்திலுள்ள பொருள்களைப் பெயர் சொல்வது, மூன்று இலக்கங்களைத் திரும்பச் சொல்வது எனப் படிப்படியாகக் கடினமாகி, நெருங்கிய பொருளுடைய இரு சொற்களின் வேறுபாட்டை விளக்குவது வரை அவை சென்றன. வாசிப்பையோ எழுத்தையோ அவர் முக்கியமாக்கவில்லை. பாடசாலையில் படித்ததை அல்ல, பிள்ளையின் தீர்மானிக்கும் திறனையே அறிய விரும்பினார். சோதிக்கும் அறை அமைதியாக இருக்கவேண்டும், பிள்ளையோடு அன்பாகப் பேச வேண்டும், அச்சம் தெளிய இடம் கொடுக்க வேண்டும், ஆனால் விடையைச் சாடையாகவும் காட்டக்கூடாது என்று விதி வகுத்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்வி, ஒரே முறை. நியமப்படுத்தல் என்று பாடப்புத்தகங்கள் கூறுவது இதைத்தான்.

முதல் அளவுத்திட்டத்துக்கு அவர் ஒப்பிட்டது சாதாரண வளர்ச்சியுடைய 50 பிள்ளைகளை மட்டுமே: ஐந்து வயதுப் பிரிவுகளில், பிரிவுக்கு 10 பேர். அது போதாது என்பது அவருக்குத் தெரியும். 1908இல் இன்னும் அதிகமான பிள்ளைகளைச் சோதித்து, 3 வயது முதல் 13 வயது வரை செயல்களைப் பிரித்தார். ஒரு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் செய்யக்கூடிய செயல் அந்த வயதுக்கு உரியது. மூக்கையும் கண்ணையும் வாயையும் தொட்டுக் காட்டுவது 3 வயதுக்கு. ஒரு சதுரத்தைப் பார்த்து வரைவது 5 வயதுக்கு. 20இலிருந்து பூச்சியம் வரை பின்னோக்கி எண்ணுவது 8 வயதுக்கு. பொருள் விற்று மிச்சக் காசைச் சரியாகக் கொடுப்பது 9 வயதுக்கு. பிள்ளை எந்த வயதுக்குரிய செயல்கள் வரை செய்கிறதோ அது அதன் உளமட்டம்.

இங்கேதான் பினே தன் வாசகர்களை எச்சரித்தார். நீளத்தை அளப்பதுபோல் அறிவை அளக்க முடியாது என்றார். இரண்டு மீற்றர் துணி ஒரு மீற்றர் துணியின் இருமடங்கு. ஆனால் உளமட்டம் 8 உள்ள பிள்ளையின் அறிவு, 4 உள்ள பிள்ளையின் அறிவில் இருமடங்கு அல்ல. இது முன்னே பின்னே என்று ஒழுங்குபடுத்தும் வரிசை மட்டுமே. ஓட்டப்போட்டியில் முதலாமிடமும் இரண்டாமிடமும் தெரியும். ஆனால் இடங்களை மட்டும் பார்த்து, இருவருக்கும் இடையே எத்தனை வினாடி என்று சொல்ல முடியாது அல்லவா?

இரண்டாவது எச்சரிக்கை பிரசெல்ஸ் நகரிலிருந்து வந்தது. அங்கே டெக்ரோலி என்ற வைத்தியரும் உடன் ஆய்வாளரும் வசதியான குடும்பங்களின் பிள்ளைகளை இதே திட்டத்தால் சோதித்தபோது, அவர்கள் பினேயின் பரிஸ் பிள்ளைகளைவிட ஒரு வருடத்துக்கும் மேல் முன்னே நின்றனர். பினேயின் மாதிரிப் பிள்ளைகள் பெரும்பாலும் வறிய பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அந்த வேறுபாட்டைப் பினே மறுக்கவில்லை. வீட்டில் கேட்கும் பேச்சும் கிடைக்கும் கவனிப்பும் பிள்ளையின் விடைகளில் கலந்திருக்கின்றன என்பதை எடுத்துக்காட்டினார். ஆகவே, ஒரே சூழலில் வளர்ந்த பிள்ளைகளையே ஒப்பிடவேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பிள்ளையின் அறிவு பிறப்பிலேயே முடிந்துபோன அளவு என்று சொன்னவர்களை 1909இல் வெளிவந்த தன் நூலில் அவர் கடுமையாக மறுத்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பயிற்சிகளை வகுத்தார். ஒரு கணமும் அசையாமல் சிலைபோல் நிற்கும் விளையாட்டு கவனத்தைக் கட்டுப்படுத்தப் பழக்கியது. பல பொருள்கள் ஒட்டிய பலகையைச் சில வினாடிகள் காட்டி நினைவிலிருந்து சொல்லச் செய்வது ஞாபகத்தை வளர்த்தது. அதே ஆண்டில் பிரான்ஸில் விசேட வகுப்புகளுக்கான சட்டமும் நிறைவேறியது. அவரைப் பொறுத்தவரை சோதனை என்பது பிள்ளைக்குக் கதவைத் திறக்கும் சாவி. யாருக்கு உதவி தேவை என்று காட்டினால் அதன் வேலை முடிந்தது.

1911இல் அளவுத்திட்டத்தை மீண்டும் திருத்தி வெளியிட்டார். அந்த ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி, 54ஆவது வயதில், பரிஸில் காலமானார்.

அவர் கண்மூடிய மறு ஆண்டே எண் பிறந்தது. ஜேர்மனிய உளவியலாளர் வில்லியம் ஸ்டேர்ன் 1912இல் உளவயதைக் காலவயதால் வகுக்கும்படி முன்மொழிந்தார். 4 வயதில் இரண்டு வருடம் பின்தங்குவதும் 12 வயதில் இரண்டு வருடம் பின்தங்குவதும் ஒன்றல்ல என்பது அவருடைய நியாயம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டேர்மன் 1916இல் அந்த ஈவை 100ஆல் பெருக்கினார். 4 வயதுப் பிள்ளையின் உளவயது 2 என்றால் 50. 12 வயதுப் பிள்ளையின் உளவயது 10 என்றால் 83. கணிதத்தில் பிழையில்லை. ஆனால் வெறும் வரிசையாக இருந்ததை, கூட்டவும் வகுக்கவும் கூடிய நீளம்போல் அது பாவித்தது. அதைவிடப் பெரிய தீங்கு, அந்த எண் மாறாதது, பரம்பரையாக வருவது என்று பலர் நம்பியதுதான்.

அமெரிக்காவில் கொடார்ட் என்பவர், கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளில் சிறு தொகையினரை இச்சோதனைக்கு உட்படுத்தி, அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மந்தபுத்தியுடையவர்கள் என்று எழுதினார். நெடும்பயணத்தில் களைத்து, மொழி தெரியாத கரையில், மொழிபெயர்ப்பாளர் மூலம் விடையளித்தவர்கள் அவர்கள். முதலாம் உலகப் போர்க்காலத்தில் 17 இலட்சத்துக்கும் அதிகமான படையினர் கூட்டமாகச் சோதிக்கப்பட்டனர். அமெரிக்க வணிகப் பெயர்களையும் விளையாட்டுகளையும் அறியாதவருக்கு அங்கே புள்ளி குறைந்தது. வேர்ஜினியா மாநிலத்தில் கெரி பக் என்ற இளம் பெண்ணின் உளவயது ஒன்பது எனச் சோதனை கூறியது. அவர் இனிப் பிள்ளை பெறக்கூடாது என்ற முடிவுக்கு அதுவும் ஒரு சான்றாக வைக்கப்பட்டது. 1927இல் நாட்டின் உயர் நீதிமன்றமே அம்முடிவை அனுமதித்தது. அவருக்கு ஏற்கெனவே பிறந்திருந்த மகளோ பாடசாலையில் திறமைப் பட்டியலில் இடம்பெற்ற சிறுமி. பினே சாவியாகச் செய்ததை மற்றவர்கள் பூட்டாக்கினார்கள்.

அல்குர்ஆனில் அல்முதஃப்பிஃபீன் என்ற அத்தியாயம், அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டித்தே தொடங்குகிறது. தராசுக்கும் படிக்கும் அவ்வளவு கடுமையான எச்சரிக்கை உண்டென்றால், மனிதப் பிள்ளையை நிறுக்கும் தராசுக்கு எவ்வளவு நீதி வேண்டும்! பினேயின் வாழ்க்கையை வாசிக்கும்போது எனக்கு இதுவே நினைவுக்கு வந்தது.

நம் வாழ்வும் எண்களால் சூழப்பட்டதே. தரம் 5இல் வெட்டுப்புள்ளி, உயர்தரத்தில் இசட் புள்ளி. இசட் புள்ளி உண்மையில் ஒரு நியாயமான கருவி. ஒரு பாடத்தில் இடை 50, நியம விலகல் 10 என்றால், 65 பெற்றவரின் இசட் புள்ளி 1.5. இன்னொரு பாடத்தில் இடை 40, நியம விலகல் 15 என்றால், அதே 65க்கு 1.67. கடினமான பாடத்தையும் எளிதான பாடத்தையும் ஒரே தராசில் வைக்க அது உதவுகிறது. ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஆண்டில், அந்தப் பாடங்களில், அந்தக் கூட்டத்தில் நாம் நின்ற இடம். மேசையில் விளக்கு இருந்ததா, வீட்டில் நோயாளி இருந்தாரா, பிள்ளை இன்னும் எவ்வளவு வளரக்கூடும் என்பவை அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இல்லை.

பெறுபேறு வரும் நாளில் பெற்றோர் அந்த எண்ணைப் பார்க்கத்தான் வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு அது தேவை. ஆனால் அதைப் பார்த்த பின், பினே தன் பிள்ளைகளைப் பார்த்ததுபோல் எதிரே நிற்கும் பிள்ளையையும் ஒருமுறை பார்க்கட்டும். ஒருத்தி பிடித்துப் பிடித்து நடப்பாள், இன்னொருத்தி சிரித்துக்கொண்டே அறையின் நடுவுக்குப் போவாள். இருவரும் நடக்கத்தான் செய்வார்கள்.